ஜனாதிபதிக்கு நல்ல பெயர் வந்த வருஷம்

எனக்கு எந்த ஜனாதிபதியோடும் தனிப்பட்ட கோபம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க, இலங்கை ஜனாதிபதிக்குக் கெட்ட பெயர் வரவேண்டும், நாட்டின் பொருளாதாரம் நிமிரக்கூடாது என்று மொன்றியலில் இருந்துகொண்டு நான் ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது மட்டுமில்லை, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டும் இருக்கிறேன். என் சொந்த அக்கா யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். அவளுக்குக் காஸ் சிலிண்டர் கிடைக்கவேண்டும், மருந்து கிடைக்கவேண்டும், கரண்ட் நிற்கக்கூடாது. அவள் நன்றாக இருக்கட்டும், நாடு மட்டும் கொஞ்சம் சுமாராக இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுதல். பிள்ளையாருக்கே தலை சுற்றியிருக்கும்.

எல்லாம் இவரால் வந்தது. என் கணவரை நான் இவர் என்றுதான் சொல்லுவேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் அப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கப்பலில் வரும் கொண்டெய்னர்களிலிருந்து இறக்கும் பெட்டிகளை அடுக்குகிற வேலை. அடுத்த வசந்தத்தோடு ஓய்வு எடுக்க இருந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஆள். கறி எப்படி என்று கேட்டால் 'ம்'. மகளின் கலியாணத்துக்கு எந்த மண்டபம் எடுப்போம் என்று கேட்டபோதும் 'ம்'தான். கலியாணம் கட்டி முப்பது வருஷத்தில் இந்த 'ம்'களைப் பிரித்து அறிய நான் ஒரு பட்டமே எடுத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர், ஓய்வு நெருங்க நெருங்க, ஒரே ஒரு விஷயத்தில் வாய் திறக்கத் தொடங்கினார். பின்னேரம் வேலையால் வந்து, குளித்து, புட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். யூடியூபில் யாரோ ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்து இலங்கை அரசியலை அலசிக்கொண்டிருப்பார். இவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, இந்த முறை வந்திருக்கிற ஆள் பரவாயில்லை, கள்ளன் இல்லை என்பார். இன்னொரு நாள், டொலர் விலை ஒரு இடத்தில் நிற்கிறது என்பார். இன்னொரு நாள், வெள்ளைக்காரர் சுற்றுலாவுக்கு வந்து இறங்குகிறார்களாம், றோட்டெல்லாம் போடுகிறார்களாம், தேங்காய் விலைதான் கொஞ்சம் கூட, அதுவும் சரிவரும் என்பார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் 'ஓமோ' என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டி தேய்ப்பேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சட்டிகள் பளபளவென்று இருந்தன.

அதோடு சப்பாத்து விஷயம் ஒன்று. இவருடைய பனிச் சப்பாத்தின் அடி இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே பிளந்துவிட்டது. தெருவில் உப்புப் போட்டு உருகிய பனித் தண்ணீர் உள்ளே போய், காலுறை நனைந்துதான் வீட்டுக்கு வருவார். பிறகு ஒரு உபாயம் கண்டுபிடித்தார். பாண், அதுதான் ரொட்டி, வருகிற பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றி, அதற்கு மேல் சப்பாத்தைப் போட்டார். நடக்கும்போது சரசரவென்று சத்தம் வரும். புதிது வாங்குவோம் வாருங்கள் என்றால், இன்னும் எத்தனை பனிக்கு என்று ஒரே பதில். மொன்றியலில் ஒரு மனிதர் புதுப் பனிச் சப்பாத்து வாங்கமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? ஊரைவிட்டுப் போகப்போகிறார் என்று அர்த்தம். எனக்குப் பகீரென்றது.

இவருக்கு யாழ்ப்பாணத்தில் தாய் வழியாக வந்த ஒரு வீடு இருக்கிறது. ஓய்வு எடுத்ததும் அங்கே போய் இருக்கலாம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார் என்று நான் நினைத்தேன். நாடு நிமிர்ந்தால் போவார், நிமிராவிட்டால் இங்கேயே இருப்பார். எனக்கோ போக விருப்பமில்லை, துளியும் இல்லை. மகள் பக்கத்தில் லவாலில் இருக்கிறாள். அவளுடைய சின்னவள் 'கார்டெரி' என்கிற பிள்ளைகள் காப்பகத்தால் வந்து என்னோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்காவிட்டால் எனக்கு அன்றைக்கு நாள் விடிந்த மாதிரியே இராது. ஆனால் இவர் வாய் திறந்து வா என்றால், வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முப்பது வருஷம் அந்தக் குளிருக்குள் பெட்டி அடுக்கியது எங்களுக்காகத்தானே. நான் மாட்டேன் என்றால் தனியாகப் போவாரா, அல்லது எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கேயே இருப்பாரா? இரண்டும் எனக்கு வேண்டாம். அதனால் நான் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கேள்வி கேட்பதுதான் அப்போது என் தொழில்.

இருபது வருஷமாக ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனத்தில் தொலைபேசியில் கேள்வி கேட்டு வந்தேன். பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் எடுப்போம். உங்கள் ஜனாதிபதி கடமையைச் செய்யும் விதம் எப்படி, நாட்டின் பொருளாதாரம் எப்படி, போன வருஷத்தைவிட நல்லதா கூடாதா. எத்தனை ஜனாதிபதிகள் வந்து போனார்கள், கேள்வி மட்டும் மாறவில்லை. கேள்வியில் ஒரு சொல்லைக்கூட மாற்றி வாசிக்கக்கூடாது. நம்முடைய கருத்தைச் சொல்லவே கூடாது. பதில் சொல்கிறவருக்கு 'ம்' என்று சொல்லலாம், அதிலும் சந்தோஷமான 'ம்' கூடாது. இவரோடு வாழ்ந்த எனக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை.

அந்த வருஷம், கனடாவில் இருக்கும் இலங்கைக்காரரிடம் அந்த நாட்டு ஜனாதிபதியைப் பற்றியும் பொருளாதாரத்தைப் பற்றியும் கேட்கச் சொல்லி ஒரு வேலை வந்தது. யாருக்காக என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். என்ன வேலை நடக்கிறது என்று நாங்களும் வீட்டில் சொல்லக்கூடாது. தமிழில் கேட்க இரண்டு பேர். ஒன்று நான். மற்றது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். புருஷன் இஞ்சினியர், ஒரு கைக்குழந்தை, அரைநாள் வேலைக்கு வருவாள். என்னை அக்கா என்பாள். எங்கள் சனத்தின் தமிழ் அவளுக்கு விளங்காதே, பாவம் என்ன செய்யப்போகிறாள் என்று நான் பெருமூச்சு விட்டேன். தமிழ் ஆட்களோடு கதைக்க நான் போதும் என்று மேற்பார்வையாளரிடம் பெருமையடித்தும் வைத்தேன்.

பெருமை இரண்டு நாள் நின்றது. எங்கள் ஆட்கள் தொலைபேசியை எடுத்து, என் பேச்சைக் கேட்ட உடனேயே, பிள்ளை நீர் எந்த இடம் என்று கேட்டார்கள். அது குசலம் விசாரிப்பது இல்லை. ஊர் தெரிந்தால் ஆருடைய மகள் என்று தெரியும், ஆருடைய மகள் என்று தெரிந்தால் என்ன சொல்லலாம், எதை விழுங்கவேண்டும் என்று தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் ஜனாதிபதி எப்படி என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகிய சனம் நாங்கள். ஆனால் என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மன்னிக்கவும், அதைச் சொல்ல இயலாது என்பேன். ஊரை மறைக்கிறாள் என்றால் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தீர்ந்துவிடும். பிறகு எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். நல்லம், நல்லம், எல்லாம் நல்லம்.

ஒருவர் என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். கோயிலில் பார்க்கிற மனிதர். நீங்கள் இன்னாருடைய மனைவிதானே என்று கேட்டுவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது அம்மா என்று வைத்துவிட்டார். அடுத்த கிழமை தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், முன்பின் தெரியாத ஒரு பெண், நீங்கள் இப்போது அரசாங்கத்துக்குத் தகவல் எடுத்துக் கொடுக்கிறீர்களாமே என்கிறாள். வந்த ஆத்திரத்துக்குக் கத்தரிக்காயைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் உருளைக்கிழங்குதான்.

சென்னைப் பிள்ளைக்கோ சனம் கொட்டித் தீர்த்தது. அவள் வணக்கம் சார் என்று தொடங்குவாள். இந்தியத் தமிழ், எங்கள் ஊர் ஒன்றும் தெரியாத ஆள், ஆருக்கும் போய்ச் சொல்லமாட்டாள் என்று எல்லோரும் மனதைத் திறந்தார்கள். ஜனாதிபதியைப் பற்றித் தொடங்கி, தம்பி காணி விஷயத்தில் ஏமாற்றிய கதை வரைக்கும் போகும். மேற்பார்வையாளர் கெட்டிக்காரி. கியூபெக்காரி, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் யாருடைய அழைப்பு நீளமாகப் போகிறது, யாருடையது பாதியில் அறுகிறது என்று பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார். என்னை அழைப்பு எடுப்பதை நிறுத்தச் சொல்லி, அந்தப் பிள்ளை எடுத்த அழைப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்க்கிற வேலையைக் கொடுத்தார். வாசித்தது சரியா, பதிலைச் சரியாகப் பதிந்தாளா, இல்லாத கேள்வி எதையும் கேட்டாளா என்று பார்ப்பது. பிழை இருந்தால் அந்த அழைப்பைச் செல்லாது என்று வெட்டவேண்டும். நான் வெட்டுவதில் பேர் போனவள். அந்தப் பிள்ளை என்னைக் கண்டால் முதலில் என் கையிலிருக்கும் தாளைத்தான் பார்ப்பாள்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் நான் பிள்ளையாரிடம் போனது. ஒலிப்பதிவில் ஆள்மாறி ஆள் 'ஓரளவு திருப்தி', 'ஓரளவு திருப்தி' என்று சொல்லிக்கொண்டே போனார்கள். முதல் நாலைந்து பேரைக் கேட்டபோது பரவாயில்லை. பிறகு தாளில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். சனம் எல்லாம் சேர்ந்து இந்த மனிதருக்கு நல்ல பெயர் கொடுத்து, என் வீட்டுக்காரரை அனுப்பி வைக்கப் பார்க்கிறதே என்று இருந்தது. அர்ச்சனை செய்யத்தான் போனேன். ஆனால் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பாரே. ஆருக்குக் கெடுதி வரவேண்டும் என்று சொல்வது? அதனால் அர்ச்சனையை விட்டுவிட்டு, ஒரு தேங்காயை மட்டும் உடைத்து, வாய்க்குள்ளே முணுமுணுத்தேன். அங்கே தேங்காய் விலை என்று சனம் தவிக்கிறது, நான் இங்கே அந்த நாடு நிமிரக்கூடாது என்று தேங்காய் உடைக்கிறேன். நினைத்தால் இப்போதும் முகம் சிவக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். கார்த்திகை மாதம், முதல் பனி விழுந்து சேறாகிக் கிடந்த நாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த ஒலிப்பதிவைத் திறந்தேன். எங்களுக்கு ஆளின் பெயரோ தொலைபேசி இலக்கமோ தெரியாது, ஒரு குறியீட்டு எண் மட்டும்தான். சென்னைப் பிள்ளை வணக்கம் சொன்னாள், விஷயத்தைச் சொன்னாள், சில நிமிஷம் ஒதுக்க முடியுமா என்று கேட்டாள். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும்போது வருகிற கீக் கீக் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் வந்தது.

"ம். கேளும் பிள்ளை."

அந்த 'ம்'மை எனக்குத் தெரியாதா?

தெரிந்த ஆளின் குரல் என்றால் உடனே நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றிக் கையை உயர்த்தவேண்டும். அதுதான் விதி. மற்றவர்களுக்கு அந்த விதியைப் படிப்பித்தவளே நான்தான். விரல் நிறுத்துகிற பொத்தானுக்கு மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

ஜனாதிபதி கடமையைச் செய்யும் விதம் பற்றி அவள் வாசித்தாள். இவர் ஓரளவு திருப்தி என்று போடச் சொன்னார். ஏன் என்று கேட்டாள். அதற்கு இவர் சொன்ன பதிலைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கள்ளன் இல்லை எண்டு சனம் சொல்லுது. கள்ளன் இல்லாதது ஒரு கெட்டித்தனமே பிள்ளை? அது சாதாரணமா இருக்கவேண்டிய குணமெல்லே."

பொருளாதாரம் போன வருஷத்தைவிட எப்படி? அப்படியேதான் இருக்கிறது என்றார். வரிசை இல்லை, கடையில் சாமான் இருக்கிறது, வாங்கத்தான் சனத்திடம் வழியில்லை. படித்த பெடியள் கட்டாருக்கும் டுபாய்க்கும் போகிறார்கள். நிமிர இன்னும் பல வருஷம் எடுக்கும், தன் காலத்தில் பார்ப்பது சந்தேகம்தான் என்றார்.  வீட்டில் புட்டுத் தட்டோடு இருந்துகொண்டு, அங்கே பாலும் தேனும் ஓடுகிற மாதிரிக் கதைப்பவர் இந்த ஆள்தானா? ஒரு சின்னச் சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. இப்படி நினைப்பவர் எப்படிப் போவார்?

கடைசிக் கேள்வி வந்தது. எதிர்காலத்தில் அந்த நாட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பிப் போய் வாழும் எண்ணம் உண்டா?

"ஓம். போவன்."

ஹெட்போன் காதை அழுத்தியது. எழுந்து போய்விடுவோமா என்று இருந்தது. ஏன் என்று அந்தப் பிள்ளை வாசித்தாள்.

"என்ரை மனிசிக்கு அதுதான் ஆசை. ஒருக்கால் அவ பனியிலை சறுக்கி விழுந்து கை முறிஞ்சு போச்சு. ஆசுப்பத்திரியிலை இருந்து அழுதவ. இந்தப் பனிக்குள்ளை என்னைச் சாகவிடாதேங்கோ, ஊரிலை கொண்டுபோய் விடுங்கோ எண்டு. நான் ஓம் எண்டு சொன்னனான். சொன்ன சொல்லெல்லே பிள்ளை."

எனக்கு அந்த நாள் நினைவு வந்தது. பத்து வருஷம் இருக்கும். பஸ் தரிப்பில் விழுந்து, மணிக்கட்டு வீங்கி, அவசர சிகிச்சையில் காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் காத்திருந்தோம். நோவில் என்னவெல்லாமோ புலம்பினேன். இவரை, இந்த நாட்டை, பனி அள்ளாத மாநகரசபையை, எல்லோரையும் திட்டினேன். மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணீர் குடித்ததோடு அத்தனையும் எனக்கு மறந்து போயிற்று. இவர் மட்டும் பத்து வருஷமாக அதை வைத்திருந்திருக்கிறார்.

வேறு காரணம் ஏதாவது உண்டா என்று அந்தப் பிள்ளை விதிப்படி கேட்டாள்.

"வேறை ஒண்டுமில்லை. எனக்கெண்டால் இஞ்சைதான் விருப்பம். காலமை வேலைக்குப் போகேக்கை ஆத்திலை கப்பல் நிக்கும். அதைப் பாத்துக்கொண்டு ஒரு கோப்பி குடிக்கிறனான். சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்கு மனிசியோடை போவன். அவ ஒவ்வொரு தக்காளியா அமத்திப் பாத்து அந்தக் கடைக்காரனிட்டை ஏச்சு வாங்குவா. பேத்தி ஒண்டு இருக்கிறா. இதுகளை விட்டுப்போட்டு அங்கை போய் என்ன செய்யிறது? ஆனா அவவின்ரை ஆசை. நல்லா வருது, நல்லா வருது எண்டு வீட்டிலை சொல்லிக்கொண்டிருக்கிறன். அவவுக்கும் சந்தோசமா இருக்கும், எனக்கும் மனம் பழகும்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் இவர் கதைத்து நான் கேட்டதே இல்லை. முப்பது வருஷத்துச் சொல்லை அந்தப் பிள்ளையிடம் மொத்தமாகக் கொட்டிவிட்டார். எனக்குப் பொறாமைகூட வந்தது, உண்மையைச் சொன்னால். பிறகுதான் அழுகை வந்தது.

அப்போது சென்னைப் பிள்ளை அந்தத் தவறைச் செய்தாள். தாளில் இல்லாத கேள்வி. குரலும் அவளுடைய சொந்தக் குரலாக மாறிவிட்டது.

"சார், இதை நீங்க வீட்ல மேடம்கிட்ட சொல்லிருக்கீங்களா?"

 கீக் கீக் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லக்கூடாது பிள்ளை. சொன்னா அவ எனக்காக விட்டுக்குடுத்துப்போடுவா. தனக்கும் போக விருப்பமில்லை எண்டு பொய் சொல்லுவா. எனக்குத் தெரியும் அவவை."

ஒலிப்பதிவு முடிந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி, மூக்கைத் துடைத்து, கையை உயர்த்தினேன். மேற்பார்வையாளர் வந்தார். இது என் புருஷனுடைய குரல் என்றேன். எது வரைக்கும் கேட்டாய் என்று பிரெஞ்சில் கேட்டார். முடியும் வரைக்கும் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார், கெட்ட செய்தியா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் மூக்கை நன்றாகத் துடை என்று சொல்லி ஒரு கடதாசிப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, அந்த அழைப்பைச் செல்லாததாக்கினார். காரணம் என்ற இடத்தில், சரிபார்த்தவர் உறவினர் என்று எழுதினார். எப்படியும் செல்லாததுதானே, சென்னைப் பிள்ளை கேட்ட மேலதிகக் கேள்வியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இருபது வருஷத்தில் நான் வெட்டாமல் விட்ட ஒரே பிழை அதுதான். ஜனாதிபதிக்கு எங்கள் வீட்டிலிருந்து கிடைத்த 'ஓரளவு திருப்தி' அதோடு போயிற்று.

கேட்டதை வெளியே கொண்டுபோகமாட்டேன் என்று வேலையில் கையெழுத்துப் போட்டவள் நான். ஆகவே இவரிடம், நீங்கள் சொன்னதைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. (இப்போது எழுதுகிறாயே என்று கேட்டால், போன கோடையில் நானும் வேலையை விட்டு, அவர்களிடமும் சொல்லி, இவரிடமும் ஒப்புக்கொண்டுவிட்டேன். இவர் 'ம்' என்றார்.) மெத்ரோவில் வீடு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. எனக்கும் போக விருப்பமில்லை என்று வெறுமனே சொன்னால் இவர் நம்பமாட்டார். இவருக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்றுதான் நினைப்பார். அதைத்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டாரே. நான் உண்மையைச் சொல்லி, அது பொய்யென்று இவர் எடுத்துக்கொண்டால், இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விமானம் ஏறி, யாழ்ப்பாணத்தில் இருந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். அப்படித்தான் முடியப்போகிறது என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது இவர் வாசலில் குனிந்து, காலில் சுற்றிய பாண் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பை கிழிந்து, காலுறை சொட்டச் சொட்ட இருந்தது. பாதம் வெளிறிச் சுருங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் யோசனை எல்லாம் பறந்து, எனக்குக் கோபம்தான் வந்தது.

"நாளைக்குப் போய்ப் புதுச் சப்பாத்து வாங்கிறம்" என்றேன்.

"இன்னும் எத்தினை பனிக்கு?" என்றார் வழக்கம்போல.

"சாகுமட்டும். நான் இஞ்சைதான் சாகப்போறன். நீங்கள் ஊருக்குப் போறதெண்டால் செருப்போடை போங்கோ."

இவர் பையைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். உமக்கு ஊருக்குப் போக ஆசையில்லையோ என்று மெதுவாகக் கேட்டார். ஆசையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்றேன். ஆசுப்பத்திரியில் அழுதீரே என்றார். கை முறிந்தவள் ஆயிரம் சொல்லுவாள், அதையெல்லாம் ஒரு மனிதர் பொறுக்கி வைத்திருப்பாரா என்றேன்.  நான் பயந்தது கடைசியில் வந்தே விட்டது.

"எனக்காகச் சொல்லாதையும்."

இனி என்ன செய்வது? சத்தியம் பண்ணினால் நம்புவாரா? மகளைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்கவா? வேறு வழி இல்லாமல், செத்தாலும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன். வெட்கத்தில் இவர் முகத்தைப் பார்க்காமல், கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்த ஜனாதிபதிக்குக் கெட்ட பேர் வரவேணும் எண்டு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சனான்."

"என்ன?"

"நாடு நிமிந்தா நீங்கள் என்னை விட்டுப்போட்டுப் போயிடுவியள் எண்டு பயத்திலை. நிமிரக்கூடாது எண்டு கும்பிட்டனான். போதுமோ?"

இவருடைய வாய் மெல்லத் திறந்தது. ஒருவருக்காக விட்டுக்கொடுப்பதற்கு ஒரு மனிசி எத்தனையோ பொய் சொல்லலாம். ஒரு நாட்டுக்கே கேடு நினைத்தேன், அதுவும் சொந்த அக்கா இருக்கிற நாட்டுக்கு, என்று எவள் பொய் சொல்லுவாள்? இவருக்கு அது விளங்கிவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பதறிப்போனேன். சிரிக்கிறார். வாசற் படியில் இருந்து, ஈரக் காலை நீட்டி, பாண் பையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். மகள் பிறந்த அன்றுதான் இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்து, இவருக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

"அந்தாள் பாவமடியப்பா" என்றார் கடைசியில். "அது தன்பாட்டிலை ஆளுது."

அன்றைக்கு யூடியூப் போடவில்லை. இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இருந்தோம், அதாவது நான் கதைத்தேன், இவர் 'ம்' போட்டார். அந்த வீட்டில் அக்காவையே இருக்கச் சொல்லுவோம் என்றேன். ம். ஓய்வு எடுத்ததும் வருஷா வருஷம் மாசியில் போய், பனி முடிய வருவோம் என்றேன். அதற்கு ஒரு நல்ல 'ம்' வந்தது.

மறுநாள் போய்ச் சப்பாத்து வாங்கினோம். கடையில் இவர் மூன்று சோடி போட்டுப் பார்த்து, நடந்து பார்த்து, கடைக்காரப் பிள்ளையிடம் இது எத்தனை வருஷம் உழைக்கும் என்று இரண்டு தரம் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகவேண்டும் என்றேன். தேங்காய் உடைத்துக் கேட்டதைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே. இவரும் வந்தார். ஆனால் புதுச் சப்பாத்தை வாசலில் விட்டால் யாராவது மாறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றுவிட்டார். நான் மட்டும் அர்ச்சனைச் சீட்டோடு உள்ளே போனேன். நாடு நிமிரவேண்டும், அந்த மனிதருக்கு நல்ல பெயர் வரவேண்டும், சனம் தேங்காய் வாங்கவேண்டும் என்று மனதாரக் கும்பிட்டேன். ஐயர் ஆருடைய பெயருக்கு, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். ஜனாதிபதியின் நட்சத்திரம் எனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். வாசலில் இவர் குனிந்து, புதுச் சப்பாத்தின் நாடாவை நேராக்கிக்கொண்டிருந்தார். இவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன்.